"முப்பது செகண்ட் பாத்தா ஒரு உயிர்!" - கொட்டாம்பட்டி இளைஞர்களைத் தேடிவரும் கேம் விளம்பரங்கள்

மாலை ஐந்தரை மணி. கொட்டாம்பட்டி பேருந்து நிறுத்தம். டீக்கடை பெஞ்சில் நான்கு இளைஞர்கள். நான்கு பேர் கையிலும் போன், நான்கும் படுக்கைவசத்தில். கிளாஸில் டீ ஆறிக்கொண்டிருக்கிறது.

"தம்பி, திருச்சி பஸ் இங்கதான நிக்கும்?"

"ஒரு நிமிஷம்க்கா... விளம்பரம் ஓடுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிவியில் விளம்பரம் வந்தால் அம்மா அடுப்பைப் பார்க்கப் போவார், அப்பா ரிமோட்டைத் தேடுவார், நாங்கள் தண்ணீர் குடிக்க எழுந்து ஓடுவோம். அப்படி வளர்ந்தவள் நான். இங்கே ஒரு பையன், விளம்பரம் ஓடுகிறது என்பதற்காகவே அசையாமல் உட்கார்ந்திருக்கிறான்.

"இத முழுசா பாத்தாத்தேன்க்கா உயிர் குடுப்பாய்ங்க" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. ஆட்டத்தில் அவனுடைய ஆள் செத்துவிட்டான். முப்பது விநாடி விளம்பரத்தைப் பார்த்து முடித்தால், செத்த இடத்திலிருந்தே எழுந்து மறுபடி ஓடலாம்.

அந்த விளம்பரம் என்ன என்று எட்டிப் பார்த்தேன். 'ஐந்தே நிமிடத்தில் கடன்' தருகிறேன் என்றது ஒரு செயலி. அவனுக்கு வயது 19. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். அந்தச் செயலிக்கு அவன் யாரென்று எப்படித் தெரிந்தது? அந்த முப்பது விநாடிக்குப் பணம் கொடுத்தது யார்? பஸ் வரும்வரை யோசித்த இந்தக் கேள்விகளுக்கு விடை தேடியதுதான் இந்தக் கட்டுரை.

வாடிவாசல் மைக்கும் செல்போன் திரையும்

விளையாட்டுக்குள் விளம்பரம் வருவது மதுரைக்காரர்களுக்குப் புதிதல்ல. ஜல்லிக்கட்டில் காளை வாடிவாசலைத் தாண்டுவதற்குள் மைக்கில் குரல் வந்துவிடும். இந்த மாட்டைப் பிடித்தால் இன்னார் சார்பில் அண்டா, இன்னார் சார்பில் சைக்கிள், இன்னார் சார்பில் தங்கக் காசு என்று வரிசையாகப் பெயர்கள் ஒலிக்கும். கபடிப் போட்டி ஃபிளெக்ஸில் நகைக்கடையும் டிராக்டர் கம்பெனியும் சிரிக்கும். கூட்டத்தில் பெரும்பாலும் இளைஞர்கள். கொடுப்பவருக்கும் அவர்கள்தான் வேண்டும்.

ஆனால், அந்த மைக்கில் ஒரு நேர்மை உண்டு. கொடுப்பவர் யாரென்று ஊருக்கே தெரியும். எல்லோருக்கும் ஒரே அறிவிப்புதான். அண்டா வரவில்லையென்றால் மறுநாள் அவர் கடைக்கே போய்க் கேட்கலாம்.

செல்போன் விளையாட்டில் இது எதுவும் இல்லை. பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஆட்டத்தை ஆடும் இருவருக்கு இரண்டு வேறு விளம்பரங்கள் வரலாம். எது யாருக்கு வந்தது என்று வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியாது.

மூன்று விதமாக வருகிறது

முதல் வகை, ஆட்டத்துக்குள்ளேயே ஒரு பொருளாக வருவது. 2025-ல் பி.ஜி.எம்.ஐ. விளையாட்டுக்குள் ராயல் என்ஃபீல்டின் புல்லட் 350-யும், கான்டினென்டல் ஜி.டி. 650-யும் வந்தன. திருவொற்றியூரில் வளர்ந்த நம் சென்னை கம்பெனியின் பைக்கை, இங்கிருக்கும் ஒரு பையன் லைசென்ஸ் எடுப்பதற்கு முன்பே திரையில் ஓட்டிப் பார்த்துவிடலாம். 'வாங்குங்கள்' என்று யாரும் சொல்வதில்லை. ஆசை மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது, ஆட்டத்துக்கு நடுவே திரையை முழுதாக மறைத்துக்கொண்டு வருவது. மூடுவதற்கான 'X' குறி சில விநாடிகள் கழித்துத்தான் தெரியும். தெரிந்தாலும் கடுகளவுதான் இருக்கும். மூடப் போன விரல் தவறி விளம்பரத்தின் மீதே பட்டுவிடும்.

மூன்றாவதுதான் நம் பெஞ்சுத் தம்பி பார்த்துக்கொண்டிருந்தது. விளம்பரம் பார்த்தால் பரிசு. ஓர் உயிர், நூறு காயின், ஒரு புதுத் துப்பாக்கி. இந்த விளம்பரம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். ஜெயித்துக் குதிக்கும்போது பெரும்பாலும் வராது. தோற்ற மறுவிநாடி, 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று மனம் துடிக்கும்போது வரும். டிவி விளம்பரம் நம்மைக் கெஞ்சும். இங்கே நாம் விளம்பரத்தைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு ஏலம்

இந்த இடத்தில்தான் விஷயம் ஆழமாகிறது. எந்த விளம்பரத்தைக் காட்டுவது என்பதை விளையாட்டைத் தயாரித்தவர் பெரும்பாலும் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதில்லை. அது ஏலத்தில் முடிவாகிறது.

ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனுக்கும் விளம்பரத்துக்கென்றே ஓர் அடையாள எண் உண்டு. அதில் பெயர் இருக்காது. ஆனால் அந்த எண்ணோடு சேர்ந்து போனின் மாடல், மொழி, தோராயமான இடம், எந்த நேரத்தில் என்ன ஆடுகிறார் போன்ற தகவல்கள் விளம்பர நிறுவனங்களுக்குப் போகும். ஆள் செத்த அந்த நொடியில், 'மதுரைப் பக்கம், தமிழ், விலை குறைந்த போன், சண்டை விளையாட்டு ஆடுபவர்' என்பது மாதிரியான ஒரு குறிப்பு ஏலத்துக்குப் போகிறது. கண்ணிமைப்பதற்குள் கணினிகள் விலை கேட்கின்றன. அதிக விலை கேட்டவருக்கு அந்தத் திரை.

அதிக விலை கேட்பவர் யார்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சோப்பு கம்பெனிக்கு நம் தம்பி வாடிக்கையாளரானால் வருடத்துக்கு ஐம்பது, நூறு ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்காக அவர்கள் அதிகம் செலவழிக்க முடியாது. பணம் கட்டி ஆடும் சூதாட்டச் செயலிக்கு அவன் சிக்கினால் ஆயிரக்கணக்கில் வரும். அதிக வட்டிக்குக் கடன் கொடுக்கும் செயலிக்கும் அப்படித்தான். ஆக, அவனிடமிருந்து யாரால் அதிகம் எடுக்க முடியுமோ, அவர்களால்தான் அவன் கண்ணுக்கு அதிக விலை கொடுக்கவும் முடியும்.

கேம் விளம்பரங்களைப் பற்றி வீட்டில் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான். நல்ல விளம்பரங்களும் வருகின்றன. ஆனால், இந்த ஏலத்தின் இயல்பே, கையில் காசில்லாத ஒரு இளைஞனிடம் அவனுக்கு ஆபத்தான ஆளை முதலில் கூட்டிவந்து நிறுத்துவதுதான்.

"என்னைய மாதிரியே ஒருத்தன் வந்தான்"

அதே டீக்கடையில் இன்னொருவர் பேசினார். வயது 24. மேலூரில் டூவீலர் மெக்கானிக். பெயர் வேண்டாம் என்றார்.

"2022-ல ராத்திரி தூக்கம் வரலைன்னா லூடோ ஆடுவேன். ஃப்ரீ கேம்தான். அதுல ஒரு விளம்பரம். என்னைய மாதிரியே ஒருத்தன், கையெல்லாம் கிரீஸு. 'நேத்து ராத்திரி ஒரு மணி நேரம் ஆடுனேன், இன்னைக்கி அம்மாவுக்கு வளையல் வாங்கிட்டேன்'னு சொல்லுவான். மொதல்ல சிரிச்சிட்டு விட்டுட்டேன். பத்துத் தடவ வந்துச்சு. பதினோராவது தடவ எறக்கிட்டேன்."

சேர்ந்த உடனே போனஸ் என்று கொஞ்சம் பணம் காட்டியது. முதல் வாரம் ஜெயித்தார். ஏழு மாதத்தில் ரம்மியில் 62,000 ரூபாய் போனது. அதில் அம்மா கட்டி எடுத்த சீட்டுப் பணமும் அடக்கம்.

"காசு போனதுகூடப் பரவால்லக்கா. ஆப்ப அழிச்சிட்டேன். அதுக்கப்பறம்தான் விளம்பரம் அதிகமா வந்துச்சு. 'உங்களுக்காக 500 ரூபா காத்திருக்கு, திரும்பி வாங்க'ன்னு. லூடோ தொறந்தாலும் அதேன், வேற கேம் தொறந்தாலும் அதேன். நான் விட்டாலும் அது என்னைய விடல."

அவருக்கு அது விதி மாதிரித் தெரிந்திருக்கிறது. உண்மையில் அது விளம்பரத் துறையில் தினமும் நடக்கும் ஒரு சாதாரண வேலை. ஒருமுறை வந்து போனவரின் அடையாள எண்ணைப் பட்டியலில் வைத்துக்கொண்டு, அவர் எந்தச் செயலிக்குள் போனாலும் பின்னாலேயே போவார்கள். ஒருமுறை பணம் கட்டியவர் மறுபடியும் கட்டக்கூடும் என்பதால், அவருக்கான ஏல விலையும் ஏறும்.

அந்த 'வளையல்' விளம்பரம் அன்றைக்கே விதிமீறல் என்பது அவருக்குத் தெரியாது. பணம் கட்டி ஆடும் விளையாட்டை வருமான வழியாகவோ, வேலைக்கு மாற்றாகவோ காட்டக் கூடாது, பண இழப்பும் அடிமையாகும் ஆபத்தும் உண்டு என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர கவுன்சிலின் வழிகாட்டுதல்கள் 2020 டிசம்பர் 15 முதலே அமலில் இருந்தன. ஆனால், ஒருவர் போனில் இரவு ஒரு மணிக்கு ஓடி மறையும் விளம்பரத்தை யார் பார்த்துப் புகார் செய்வது?

மதுரையில் தொடங்கிய கேள்வி

இந்த விளம்பரங்களைப் பற்றிய பெரிய கேள்வி ஒன்று எழுந்தது மதுரையில்தான். 2020 நவம்பர் 3-ம் தேதி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதிகள் என்.கிருபாகரன், பி.புகழேந்தி அமர்வு, ஆன்லைன் விளையாட்டு விளம்பரங்களில் நடித்த விராட் கோலி, சவுரவ் கங்குலி, பிரகாஷ் ராஜ், தமன்னா, ராணா, சுதீப் ஆகியோருக்கு நோட்டீஸ் அனுப்பச் சொன்னது. அதுவரை 'ஏன் ஆடினாய்?' என்று பையன்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். 'ஏன் ஆடச் சொன்னீர்கள்?' என்று விளம்பரத்தைக் கேட்டது அந்த வழக்கு.

அதே மாதம் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பின்னர் சட்டமாகவும் நிறைவேறிய அதை, 2021 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. விளம்பரங்கள் திரும்பி வந்தன. நம் மெக்கானிக் தம்பி சிக்கியது இந்த இடைவெளியில்தான்.

2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு, அக்டோபரில் மறுபடி அவசரச் சட்டம், பிறகு மசோதா. ஆளுநர் திருப்பி அனுப்பியதால் 2023 மார்ச்சில் சட்டமன்றம் அதை இரண்டாவது முறை நிறைவேற்றியது. ஏப்ரலில் சட்டமானது. தடை செய்யப்பட்ட ஆன்லைன் சூதாட்டத்துக்கு விளம்பரம் செய்தால் ஓராண்டுவரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் என்றது அந்தச் சட்டம். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று அவற்றுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது.

கடைசியாக மத்திய அரசு. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்துக்கு 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். திறமையா, அதிர்ஷ்டமா என்ற வாதத்தையே ஓரங்கட்டிவிட்டு, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவானாலும் கூடாது என்கிறது இது. விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டுவரை சிறை, 50 லட்சம் ரூபாய்வரை அபராதம். ஆடியவருக்குத் தண்டனை இல்லை. ஆண்டுதோறும் சுமார் 45 கோடிப் பேர் இவற்றில் 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்பது அப்போது அரசுத் தரப்பில் சொல்லப்பட்ட மதிப்பீடு. சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. ஆனால், சட்டம் வந்த சில நாள்களிலேயே பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்திவிட்டன. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்தே ட்ரீம்11 பெயர் மறைந்தது.

அப்படியானால் பிரச்னை முடிந்துவிட்டதா? ஏலத்தில் அதிக விலை கேட்ட ஓர் ஆள் வெளியே போயிருக்கிறார். ஏலம் அப்படியே இருக்கிறது. காலியான நாற்காலியில் அடுத்த ஆள் உட்காருவார். பெஞ்சுத் தம்பி பார்த்த 'ஐந்து நிமிடக் கடன்' அப்படி வந்து உட்கார்ந்ததுதான். வெளிநாட்டிலிருந்து இயங்கும் பந்தயத் தளங்கள் பெயரை மாற்றிக்கொண்டு வருவதும் நடக்கிறது.

இளைஞர்கள் ஏன்?

உலகம் முழுக்க இதுதான் கதை. இளைஞர்கள் டிவி முன் உட்காருவது குறைவு, பேப்பர் படிப்பதும் குறைவு. ஆனால், விளையாட்டில் மணிக்கணக்கில் கண் எடுக்காமல் இருப்பார்கள். அமெரிக்க ராணுவம் 2002 ஜூலை 4-ல் 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற விளையாட்டை இலவசமாக வெளியிட்டது. ராணுவத்தில் சேர ஆசையைத் தூண்டுவதுதான் நோக்கம்; அங்கே விளம்பரமே விளையாட்டானது. 2008 அதிபர் தேர்தலில் ஒபாமா தரப்பு, 'பர்ன்அவுட் பாரடைஸ்' என்ற கார் பந்தய விளையாட்டில் சாலையோர விளம்பரப் பலகைகளை வாங்கியது. கார் ஓட்டும் இளைஞன் பலகையைக் கடக்கும்போது, முன்கூட்டியே வாக்களிக்கலாம் என்ற செய்தி தெரியும்.

அந்தப் பலகையில் ஒபாமாவின் முகம் இருந்தது. யாருடைய விளம்பரம் என்று பார்த்தவருக்குத் தெரிந்தது. இன்று நம் போனில் வரும் பலவற்றுக்கு முகமே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குழந்தைகளைப் பின்தொடர்ந்து குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. குழந்தை என்றால் 18 வயதுக்குக் கீழ். நல்ல விஷயம்தான். ஆனால், பிறந்தநாள் கேக் வெட்டிய மறுநாளே அந்த வேலி போய்விடுகிறது. பதினெட்டு முடிந்தவனுக்குச் சொந்த பேங்க் கணக்கு, சொந்த யு.பி.ஐ., நிலையான சம்பளம் இன்னும் இல்லை, வீட்டில் ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்ற அழுத்தம் மட்டும் நிறைய. சட்டத்தின் கண்ணில் அவன் பெரியவன். வீட்டின் கண்ணில் 'சும்மா போனை நோண்டிக்கிட்டு இருக்கிறவன்'. ஏலக்காரர் ஒருவருக்குத்தான் அவன் முக்கியமானவனாகத் தெரிகிறான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் கூகுள் அல்லது பிரைவசி பகுதிக்குள் 'ஆட்ஸ்' என்று இருக்கும். அதில் விளம்பர அடையாள எண்ணை அழிக்கும் வசதி உண்டு. விளம்பரம் நிற்காது. ஆனால், பழைய பட்டியலை வைத்துப் பின்னாலேயே வருவது குறையும்.

* இணையம் இல்லாமலே ஓடக்கூடிய விளையாட்டு என்றால், ஆடும்போது டேட்டாவை அணைத்துவிடலாம்.

* விளம்பரத்திலிருந்து நேராக எந்தச் செயலியையும் இறக்க வேண்டாம். பிளே ஸ்டோருக்கு வெளியே லிங்க் அனுப்பி 'ஏ.பி.கே.' ஃபைலை இறக்கச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

* கடன் செயலி என்றால், அது எந்த வங்கி அல்லது நிதி நிறுவனத்துக்காக வேலை செய்கிறது என்று பாருங்கள். டிஜிட்டல் கடன் செயலிகளின் பட்டியலை ரிசர்வ் வங்கி 2025 ஜூலை முதல் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. பட்டியலில் இல்லையென்றால் தொட வேண்டாம்.

* யு.பி.ஐ. செயலியில் 'ஆட்டோபே' பகுதியை மாதம் ஒருமுறை பாருங்கள். மறந்துபோன அனுமதிகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

* பணம் ஏமாந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். கடன், நஷ்டம் என்று மனம் உடைந்திருப்பவர்களுக்கு 104, 14416 ஆகிய எண்களில் இலவச ஆலோசனை கிடைக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, போனைப் பிடுங்காமல் பக்கத்தில் உட்காருவது. "என்ன விளம்பரம் வருது, காட்டு" என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். ஒருவருக்குத் தொடர்ந்து கடன் விளம்பரமும் பந்தய விளம்பரமும் வருகிறது என்றால், யாரோ அவரைக் குறிவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். திட்டுவதற்கு முன் அதைத் தெரிந்துகொள்ளலாம்.

மெக்கானிக் தம்பியிடம், "அம்மாட்ட எப்பச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஏழு மாசம் சொல்லலக்கா. ஒரு நா சீட்டு நோட்ட எடுத்துட்டு வந்து பக்கத்துல ஒக்காந்துச்சு. திட்டவே இல்ல. 'யாரு தம்பி ஒன்னைய இதுல சேத்துவிட்டது?'ன்னு கேட்டுச்சு. யாருன்னு சொல்றது? ஒரு ஆளா இருந்தாத்தான சொல்ல முடியும்?"

62,000-த்தில் இன்னும் 9,000 ரூபாய் பாக்கி இருக்கிறதாம். மாதம் தவறாமல் அம்மா கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் போனில் இப்போது கேம் எதுவும் இல்லை.

திருச்சி பஸ் வந்துவிட்டது. பெஞ்சிலிருந்த 19 வயதுத் தம்பி கை காட்டி நிறுத்தினான். இன்னொரு கையில் இருந்த போனில், அடுத்த விளம்பரம் முடிய இன்னும் பன்னிரண்டு விநாடி இருந்தது.